ஞாயிறு ஓய்வு சனிக்கிழமை அடுப்பங்கரையில் தொடங்குகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்பது வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன அரசாங்க விடுமுறை, அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்ற பேச்சு நம் பக்கத்தில் அடிக்கடி காதில் விழுகிறது. கிறிஸ்தவர்களிலேயே பலருக்கு அது காலையில் ஆராதனை, திரும்பும் வழியில் கறி, மத்தியானம் தூக்கம் என்ற அளவோடு முடிந்துவிடுகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துச் சபைகளில் ஓய்வுநாள் பாடசாலை நடத்துகிற நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

விடுமுறைக் கதையை முதலில் முடித்துவிடலாம். இந்திய ஆலைத் தொழிலாளிக்கு ஞாயிறு விடுமுறை யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகாண்டே என்ற தொழிற்சங்கத் தலைவர் பல ஆண்டுகள் போராடி 1890-ல் வாங்கித் தந்தது. அவர் கிறிஸ்தவரும் அல்ல, சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் பூலேயின் வழியில் வந்தவர். ஆக, நாள்காட்டியில் சிவப்பு மையில் அச்சாகும் ஞாயிறு வேறு, வேதம் சொல்லும் ஓய்வுநாள் வேறு. இரண்டும் ஒரே கிழமையில் வந்து விழுந்ததால்தான் இவ்வளவு குழப்பம்.

'ஓய்வு' என்ற சொல்லையே பாருங்கள். எபிரெயத்தில் ஷபாத் என்ற வினைக்கு முதற்பொருள் நிறுத்துதல். தமிழில் வேதத்தைப் பெயர்த்தவர்கள் அதற்கு 'ஓய்' என்ற வேரைப் பிடித்தது நமக்குக் கிடைத்த பாக்கியம். 'மழை ஓய்ந்தது' என்கிறோம். மழைக்குக் களைப்பு வந்து படுத்துவிட்டது என்று யாரும் எண்ணுவதில்லை. பெய்ததை நிறுத்தியது, அவ்வளவுதான். ஆதியாகமம் 2-ம் அதிகாரத்தில் தேவன் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்பதும் அந்தப் பொருளில்தான். அவர் இளைப்படைவதில்லை என்று ஏசாயா 40:28 தெளிவாகவே சொல்கிறது. 'இளைப்பாறுதல்' வேறு சொல். இளைப்பு இருந்தால்தானே ஆறும்? ஓய்வுநாளில் இரண்டும் உண்டு, ஆனால் வரிசை இருக்கிறது. முதலில் கையை நிறுத்த வேண்டும், பிறகு இளைப்பு தானாக ஆறும். மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து, பாயில் படுத்தபடியே திங்கட்கிழமை லோடுக்குப் போனில் ஆள் சொல்லிக்கொண்டிருப்பவர் இளைப்பாறியிருக்கலாம், ஓயவில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் நாள் என்பது 'சாயங்காலமும் விடியற்காலமுமாகி' என்றே கணக்கிடப்படுகிறது. பொழுது சாய்ந்ததும் நாள் பிறக்கிறது. அந்தக் கணக்கில் ஒவ்வொரு நாளிலும் மனிதன் செய்யும் முதல் காரியம் தூங்குவது. மனிதனைப் படைத்ததோ ஆறாம் நாளில். அவனுக்குக் கிடைத்த முதல் முழு நாள் ஓய்வுநாள். உழைத்துக் களைத்த பிறகு கூலியாகக் கிடைப்பதல்ல ஓய்வு, உழைப்புக்கு முன்பே கையில் வைக்கப்பட்டது என்பது அதன் ஆவிக்குரிய பொருளில் பாதி.

மீதிப் பாதி மன்னாவில், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் நாள்தோறும் தந்த உணவில், இருக்கிறது. யாத்திராகமம் 16-ம் அதிகாரம், சீனாய் மலையில் பத்துக் கட்டளை கொடுக்கப்படுவதற்கு முன்பே நடந்தது. வனாந்தரத்தில் தலைக்கு ஓர் ஓமர் மன்னா, இன்றைய அளவில் சுமார் இரண்டு லிட்டர். அதிகம் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. மறுநாளுக்கு எடுத்து வைத்தால் புழுத்து நாறியது. ஆனால் ஆறாம் நாளில் மட்டும் தலைக்கு இரண்டு ஓமர். அதை வைத்திருந்தாலும் நாறவில்லை. அப்படியும் சிலர் ஏழாம் நாள் காலையில் கூடையோடு போய் வெறுங்கையாகத் திரும்பினார்கள். கட்டளை எழுதப்படும் முன்பே தேவன் அந்த ஜனத்துக்குக் கொடுத்த பயிற்சி இது: ஒரு நாள் கையை நீட்டாமல் இருந்தாலும் சோறு வரும் என்று நம்பப் பழக்குவது. எகிப்தில் செங்கல் அறுத்துத் தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டவனுக்கு அந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்துவிடாது. நமக்கும்தான்.

கட்டளையின் வாசகம் இரண்டு இடங்களில் வருகிறது, காரணம் இரண்டிலும் வேறு. யாத்திராகமம் 20-ல் காரணம் படைப்பு. உபாகமம் 5-ல் காரணம் விடுதலை: எகிப்தில் நீ அடிமையாயிருந்தாய், அதை நினை, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும். (இது மூன்றாம் கட்டளையா நான்காம் கட்டளையா என்று திண்ணையில் சண்டை வருவதுண்டு. கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் மூன்று என்று எண்ணுவார்கள், சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபையார் நான்கு என்பார்கள். இரு தரப்பு எண்ணிக்கைக்கும் பழைய மரபு உண்டு, கட்டளை ஒன்றுதான்.) கட்டளை யாரிடம் பேசுகிறது என்று பாருங்கள்: நீ, உன் மகன், உன் மகள், உன் வேலைக்காரன், உன் வேலைக்காரி, உன் மாடு, உன் வாசலுக்குள் இருக்கும் அந்நியன். அதாவது, பிறரை வேலை வாங்கும் இடத்தில் இருப்பவனிடம் பேசுகிறது. தான் உட்கார்ந்துகொண்டு மற்றவரை ஓடவிடும் ஓய்வை வேதம் ஓய்வுநாள் என்று சொல்லவில்லை.

பட்டியலில் மனைவி இல்லை. இதைச் சாக்காக எடுத்துக்கொண்ட ஆண்கள் எத்தனை தலைமுறையோ! 'நீ' என்பதற்குள்ளேயே வீட்டின் தலைவனும் தலைவியும் அடக்கம் என்று வேத விளக்கக்காரர்கள் சொல்வார்கள். அந்த விளக்கம் அடுப்பங்கரை வரை வந்து சேரவில்லை. நம் மாவட்டங்களில் கிறிஸ்தவ வீட்டுப் பெண்களுக்கு வாரத்தில் அதிக வேலை விழும் நாள் ஞாயிறுதான். விடியுமுன் எழுந்து பிள்ளைகளைக் கிளப்பி, கோயிலுக்குப் போய் வந்து, கறி அலசி, மசாலா அரைத்து, விருந்தாளிக்கும் சேர்த்து வடித்துக் கொட்டி, மூன்று மணிக்குப் பாத்திரத்தோடு உட்காருவார்கள்.

யாத்திராகமம் 16:23 இதற்கு வழி சொல்லியிருக்கிறது: சுடவேண்டியதைச் சுட்டு, வேகவிக்க வேண்டியதை ஆறாம் நாளிலேயே வேகவையுங்கள். நம் சமையலுக்கு இது கஷ்டமில்லை. சனி மத்தியானம் இட்லிக்கு ஊறவைத்துச் சாயங்காலம் ஆட்டினால் காலையில் மாவு பொங்கியிருக்கும். சனி இரவு களி கிண்டும்போது நாலு உருண்டை கூடப் போட்டுத் தண்ணீரில் விட்டு வையுங்கள். காலையில் கரைத்து மோரும் உப்பும் சேர்த்துச் சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டால் அடுப்பு பற்றவைக்காமலே பசி ஆறும். புளிக்குழம்பும் கருவாட்டுக் குழம்பும் ஓர் இரவு தாண்டினால் ருசி கூடும். தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு வெயில் காலத்தில் விடிவதற்குள் புளித்துவிடும், அதைச் சனிக்கிழமை வைக்காதீர்கள். கீரைக் கடைசலும் அப்படியே. கறி இல்லாமல் ஞாயிறா என்பவர்கள் சனி இரவே சமைத்து வைத்து மறுநாள் சுடவைத்துக்கொள்ளலாம். ஆண்கள் சமைத்தால் ஆகாதா? தாராளமாகச் சமைக்கட்டும், பாத்திரத்தையும் அவர்களே கழுவட்டும்.

இனி, எந்தக் கிழமை? வேதத்தின் ஏழாம் நாள் சனிக்கிழமை, வெள்ளி பொழுது சாய்ந்தது முதல் சனி பொழுது சாயும் வரை. ஏழாம் நாள் அட்வெந்து சபையார் அதையே ஆசரிக்கிறார்கள். தமிழ்நாட்டிலேயே அவர்கள் வருவதற்கு முன்பே, நாசரேத் அருகே பிரகாசபுரத்தில் சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம் 19-ம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய சபை சனிக்கிழமை ஓய்வைக் கைக்கொண்டது. மற்றச் சபைகள் வாரத்தின் முதல் நாளை, இயேசு உயிர்த்தெழுந்த நாளை, கர்த்தருடைய நாளாக ஆசரிக்கின்றன. துரோவா பட்டணத்தில் விசுவாசிகள் வாரத்தின் முதல் நாளில் அப்பம் பிட்கக் கூடினார்கள் என்று அப்போஸ்தலர் 20:7-ல் இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் யுஸ்தீன் என்ற இரத்தசாட்சி (விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்) ஞாயிறு கூட்டத்தை விவரித்து எழுதியிருக்கிறார்.

ஆனால் அந்தக் காலத்து ஞாயிறு விடுமுறை நாள் அல்ல, வேலை நாள். ரோம ஆளுநர் பிளினி சுமார் 112-ல் பேரரசருக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள் என்கிறார். விடிந்தால் பலர் வேலைக்குப் போக வேண்டியவர்கள். அடிமைகளும் அவர்களில் உண்டு. 304-ல் வட ஆப்பிரிக்காவில் அபிதினா ஊரைச் சேர்ந்த 49 பேர் ஞாயிறு கூடினதற்காகப் பிடிபட்டார்கள்; கர்த்தருடைய நாளின் பந்தி இல்லாமல் எங்களால் இருக்க முடியாது என்பது அவர்கள் சொன்ன பதில். பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிறை ஓய்வு நாளாக அறிவித்தது 321-ல்தான். அதிலும் நீதிபதிகளுக்கும் நகரவாசிகளுக்கும் பட்டறைகளுக்குமே ஓய்வு. விதைப்புக்கு ஏற்ற நாள் தவறிவிடக்கூடாது என்று விவசாயிக்கு விலக்குக் கொடுத்தார். வேதமோ யாத்திராகமம் 34:21-ல் நேர் எதிராக, விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் ஓய்ந்திரு என்கிறது. வேலை குறைவாக இருக்கும்போது நிறுத்துவதற்கு நம்பிக்கை எதற்கு? மா காய்த்துத் தொங்கும்போது, தக்காளிக்கு விலை ஏறி நிற்கும்போது நிறுத்துவதில்தான் மன்னாவின் பாடம் இருக்கிறது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தச் சொல்லவில்லை. இயேசுவிடம் இந்தக் கேள்வி பலமுறை வந்தது. லூக்கா 13-ல் பதினெட்டு வருஷம் கூனியாயிருந்த பெண்ணை ஓய்வுநாளில் நிமிர்த்தினார். ஜெபாலயத் தலைவன் கோபப்பட்டபோது, உங்கள் மாட்டைத் தொழுவத்திலிருந்து அவிழ்த்துத் தண்ணீர் காட்ட நீங்கள் கொண்டுபோவதில்லையா, இவளை இந்தக் கட்டிலிருந்து அவிழ்த்துவிட வேண்டாமா என்று கேட்டார். கிரேக்க மூலத்தில் மாட்டுக்கும் பெண்ணுக்கும் ஒரே வினைச்சொல்தான்: அவிழ்த்தல். யூத மரபு ஓய்வுநாளில் விலக்கிய முப்பத்தொன்பது வகை வேலைகளில் முடிச்சுப் போடுவதும் முடிச்சு அவிழ்ப்பதும் உண்டு. அந்தப் பின்னணியில் இயேசுவின் வார்த்தை எவ்வளவு கூர்மையானது என்று விளங்கும். ஓய்வுநாளை அவர் தள்ளவில்லை. அதைக் கட்டவிழ்க்கும் நாளாகவே காட்டினார். பிற்காலத்தில் 1647-ல் இங்கிலாந்தில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் வினாவிடை என்ற போதனை நூல் இதை அவசியமான வேலை, இரக்கத்தின் வேலை என்று இரண்டு சொல்லில் அடக்கியது. மாட்டைக் கறக்காமல் விட்டால் மடி கட்டி நோய் வரும். இரண்டு வேளையும் கறக்க வேண்டியதுதான். அன்றைக்கே தொழுவத்தைப் பெயர்த்துக் கட்ட வேண்டியதில்லை.

பட்டுப்புழு வளர்ப்பவர்களின் கேள்வி இன்னும் நியாயமானது: புழுவுக்கு ஞாயிறு தெரியுமா? தெரியாது, ஆனால் நமக்கு நாள் எண்ணத் தெரியும். இளம்புழு மையத்திலிருந்து இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுவைக் கொண்டுவந்தால், புழு பழுக்க, அதாவது கூடு கட்டத் தயாராக, கொண்டுவந்த நாளையும் சேர்த்துப் பொதுவாகப் பதினேழு முதல் பத்தொன்பது நாள். குளிர் காலத்தில் ஓரிரு நாள் கூடும். திங்கட்கிழமை கொண்டுவந்தால், பழுத்த புழுவைப் பொறுக்கிச் சந்திரிகையில் (கூடு கட்டும் தட்டியில்) விடும் அந்தத் தலைபோகிற வேலை மூன்றாம் வாரம் புதன் முதல் வெள்ளிக்குள் விழும். வியாழக்கிழமை கொண்டுவந்தால் ஞாயிறு நடுவில் மாட்டிக்கொள்ளும். இடையில் வரும் இரண்டு ஞாயிறுகளிலும் தழை போடத்தான் வேண்டும், இரண்டாவது ஞாயிறில் புழு கடைசிப் பருவமான ஐந்தாம் பருவத்தில் இருக்கும், மொத்தத் தழையில் ஐந்தில் நான்கு பங்கை அந்தப் பருவத்தில்தான் தின்னும். அதற்கான தழையைச் சனி மாலையே வெட்டி நிழலில் நிறுத்தி, நனைத்த கோணிச் சாக்கால் போர்த்தி வையுங்கள். மழையில் நனைந்த தழையை அப்படியே குவித்து மூடினால் சூடேறிக் கெட்டுப்போகும், புழு நோயில் விழும். உதறி ஈரம் வடித்துத்தான் மூட வேண்டும். ஞாயிறன்று தழை போடுவது மட்டும் இருக்கட்டும். வெட்டு, சுமை, கழிவு அள்ளுதல் எல்லாம் சனிக்கோ திங்களுக்கோ தள்ளலாம். ஒவ்வொரு தோலுரிப்புக்கும் புழுவே ஏறக்குறைய ஒரு நாள் தின்னாமல் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. அப்போது தழை போட்டால் படுக்கை ஈரமாகும், புழு ஒன்றுபோல எழாது. சுண்ணாம்பு தூவிப் படுக்கையை உலரவிட்டுக் காத்திருக்க வேண்டும். வளரும் ஜீவன் இடையில் நின்றுதான் வளரும் என்பதைப் பட்டு விவசாயிக்குப் பிரசங்கம் பண்ணத் தேவையில்லை. ஏர் மாடு இருந்த காலத்தில் மாட்டுக்காகவாவது மனிதன் நின்றான். டிராக்டருக்கு இளைப்பு கிடையாது, அதனால் ஓட்டுகிறவரின் இளைப்பு யார் கண்ணிலும் படுவதில்லை.

போச்சம்பள்ளி சந்தை ஞாயிறன்று கூடுகிறது. நெகேமியா 13-ல் தீரு பட்டணத்து வியாபாரிகள் ஓய்வுநாளில் மீன் கொண்டுவந்தபோது யூதரின் அதிபதியான நெகேமியா எருசலேம் வாசல்களைப் பூட்டியதை எடுத்துக் காட்டி, நாமும் சந்தைக்கு எதிராகப் பேச வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. அது ஒரே உடன்படிக்கைக்கு உட்பட்ட ஜனத்தின் நகரம். சந்தையோ எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது. நெகேமியாவின் வாசலை நாம் பூட்ட வேண்டிய இடம் சட்டைப் பையில் இருக்கிறது. சனி மாலை ஆறு மணிக்குப் போனில் வாட்ஸ்அப்பை நிறுத்திவிட்டு, ஆர்டர் தருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நெகேமியாவின் வியாபாரிகளும் ஓரிரு தடவை மதிலுக்கு வெளியே படுத்துப் பார்த்தார்கள், பிறகு வரவில்லை.

சந்தையில் கடை போட்டே ஆகவேண்டியவருக்கும், ஓசூர் தொழிற்சாலையில் ஞாயிறு ஷிப்ட் விழுந்தவருக்கும் என்ன வழி? முதல் முந்நூறு ஆண்டுகளின் கிறிஸ்தவர்களுக்கு இருந்த அதே வழிதான். கூடுகையை விடியற்காலத்துக்கோ மாலைக்கோ மாற்றிக்கொள்ளலாம். கத்தோலிக்கருக்கு சனி மாலைத் திருப்பலியே ஞாயிறு கடமையை நிறைவேற்றும் என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. ஓய்வுக்கு வேறொரு முழு நாள் வேண்டும். 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 52-ம் பிரிவில், ஞாயிறு வேலை வாங்கினால் அதற்கு முந்திய அல்லது பிந்திய மூன்று நாளுக்குள் மாற்று விடுமுறை என்று வகுத்தது. முழு விடுமுறை இல்லாமல் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றும் சொன்னது. செவ்வாய்க்கிழமை கிடைத்தால் செவ்வாய்க்கிழமையே உங்கள் ஓய்வு. எந்த நாளை விசேஷமாக எண்ணுவது என்பதை அவனவன் தன் மனதில் நிச்சயித்துக்கொள்ளட்டும் என்ற ரோமர் 14:5 அதற்கு இடம் தருகிறது. ஆனால் இருபத்துநான்கு மணி நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டி வாரம் முழுவதும் தூவினால் அது ஓய்வுநாளாகாது, வெறும் இடைவேளை.

கூலி விஷயத்தில்தான் சபையார் பலர் சறுக்குகிறார்கள். ஞாயிறன்று என் கொல்லையில் வேலை இல்லை, நான் ஓய்வுநாளைக் கைக்கொள்கிறவன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, சனிக்கிழமைக் கூலியைத் திங்கட்கிழமைக்குத் தள்ளுவார்கள். கூலியைப் பொழுது சாயும் முன் கொடு என்று உபாகமம் 24:15-ல் இருக்கிறது. ஆறாம் நாளில் இரண்டு ஓமர் கிடைத்ததால்தான் ஏழாம் நாளில் வீட்டில் இருக்க முடிந்தது. கையில் காசில்லாத கூலிக்காரருக்கு உங்கள் ஓய்வுநாள் பட்டினி நாள். ஆமோஸ் 8:5-ல் ஓய்வுநாள் எப்போது முடியும், தானியத்தை விற்கலாம், மரக்காலைக் குறைத்துத் தராசில் கள்ளம் பண்ணலாம் என்று காத்திருந்தவர்களும் வெளிக்கு ஓய்வுநாளைக் கைக்கொண்டவர்கள்தான்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் நிறுத்தப் பார்த்தால் மூன்றாம் வாரம் கைவிட்டுவிடுவீர்கள். முதல் மாதம் போனையும் கணக்குப் புத்தகத்தையும் மட்டும் நிறுத்துங்கள், அடுத்த மாதம் சமையலைச் சனிக்கு மாற்றுங்கள். காலியாகும் நேரத்தை டிவிக்குக் கொடுத்தால் மாலையில் தலைவலிதான் மிச்சம். வேதம் வாசிக்க, வயதானவர்களைப் போய்ப் பார்க்க, பிள்ளைகளோடு கொல்லைப் பக்கம் நடக்க முன்கூட்டியே இடம் வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிறு துணி துவைக்கிறாரா என்று எட்டிப்பார்க்கும் வேலையையும் நிறுத்துங்கள், அதுவும் வேலைதான்.

கடைசியாகச் சபைக் கமிட்டிகளுக்கு. காலை ஆராதனை, ஓய்வுநாள் பாடசாலை, பாடகர் ஒத்திகை, வாலிபர் கூட்டம், பெண்கள் சங்கம், மாலை ஆராதனை என்று ஞாயிறை நிரப்பிவிட்டு, இன்று ஓய்வுநாள் என்று பலிபீடத்தில் நின்று வாசிக்கிறோம். தேவாலயத்து ஆசாரியர் ஓய்வுநாளில் வேலை செய்தும் குற்றமற்றவர்கள் என்று மத்தேயு 12:5-ல் இருப்பது உண்மை. ஆகையால் போதகருக்குத் திங்கட்கிழமையை முழுதாக விட்டுக்கொடுங்கள், சாவு வீட்டு அழைப்பைத் தவிர அன்று அவரைக் கூப்பிடாதீர்கள். வரவு செலவுக் கணக்குப் பார்க்கும் கூட்டத்தை ஞாயிறு மத்தியானத்திலிருந்து வெள்ளிக்கிழமை மாலைக்கு மாற்றுவதற்கு வேதத்தில் எந்த வசனமும் குறுக்கே நிற்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்கள் சிலர்,
கிருஷ்ணகிரி